புதன்கிழமை விரதம்

பிறந்தது கோம்பை, பிழைப்பு போடியில் ஏலக்காய் வியாபாரம். காய்களை நிறம் பார்த்துப் பிரிக்கிற மிஷின் வாங்கப் போன வருஷம் சீனாவுக்குப் போயிருந்தேன். கம்பெனி என்ஜினியர் லியூ, ஓட்டலில் தனியாகச் சாப்பிட விடமாட்டேன் என்று தன் வீட்டுக்குக் கூட்டிப் போனார்.

வாசலைப் பார்த்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள். விருந்தாளிக்கு அதுதான் இடமாம். மேசை நடுவே சுற்றுகிற கண்ணாடித் தட்டில் பத்துப் பன்னிரண்டு கிண்ணங்கள். முழு மீன் ஒன்று என் பக்கம் தலை வைத்துக் கிடந்தது. நான் ஆரம்பிக்காமல் யாரும் குச்சியை எடுக்கவில்லை. லியூவின் மனைவி மெய், எண்ணெய் மிதந்த குழம்பிலிருந்து பெரிய கறித்துண்டாகப் பார்த்து என் கிண்ணத்தில் வைத்தார்.

ஊரிலிருந்து கிளம்பும்போது பங்காளி அருண்பாண்டி, "ஏலே, அங்கன நாய்க்கறியப் போட்டுருவாக, பாத்துத் தின்னு" என்று சிரித்திருந்தான். சும்மா கேலிதான். ஆனால் நாயை வீட்டில் ஒரு ஆளாக வளர்க்கிற கோம்பைக்காரனுக்கு, அந்தத் துண்டைப் பார்க்கப் பார்க்க வேறு நினைப்பே வரவில்லை.

"இன்று வெள்ளிக்கிழமை. நாங்கள் கறி, மீன் தொடமாட்டோம்" என்று மொழிபெயர்க்கிற போனில் பேசினேன். போன் அதைச் சீனத்தில் சொன்னது. ஊரில் பிடிக்காத விருந்துக்கெல்லாம் நான் சொல்கிற சாக்கு அது. வாயில் தானாக வந்துவிட்டது. சொன்ன பிறகுதான் அன்று புதன்கிழமை என்பது உறைத்தது.

மெய் தலையைத் தாழ்த்தி மன்னிப்புக் கேட்டுவிட்டு, கறிக் கிண்ணத்தை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார். கால் மணி நேரத்தில் கீரையும் சோயாக்கட்டியும் வந்தன. எல்லாரும் அதையே சாப்பிட்டார்கள். மீன் அப்படியே ஆறிப்போனது. மிச்சம் வைக்கக்கூடாது என்கிற நம்மூர்ப் பழக்கத்தில் நான் கிண்ணத்தை வழித்து வைக்க, போதவில்லை என்று நினைத்து மெய் நிரப்பிக்கொண்டே இருந்தார். தப்பித்தேன் என்ற சந்தோஷத்தில் தின்றேன், வெட்கங்கெட்டவன்.

போன ஞாயிற்றுக்கிழமை, மிஷினை மாட்டிக் கொடுக்க லியூ போடிக்கு வந்தார். மத்தியானம் என் வீட்டில் சாப்பாடு. என் மனைவி சுபாஸ்ரீ ஆட்டுக்கறிக் குழம்பு வைத்திருந்தாள். லியூ ருசித்துச் சாப்பிட்டுவிட்டுப் போனை எடுத்தார்.

"மெய் அன்று செய்ததும் ஆட்டுக்கறிதான்" என்றது போன். "இந்தியர்கள் மாடும் பன்றியும் சாப்பிடமாட்டார்கள் என்று யாரோ சொன்னதால், இரண்டு பஸ் மாறிப் போய் முஸ்லிம் கடையில் வாங்கி வந்தாள்."

கொஞ்சம் தயங்கி மறுபடியும் பேசினார். "அன்று புதன்கிழமை. எங்களுக்குத் தெரியும். தன் சமையலில் என்ன குறை என்று இன்னும் கேட்கிறாள். அதற்குப் பிறகு வீட்டுக்கு யாரையும் கூப்பிட விடுவதில்லை. என்ன குறை என்று சொல்லுங்கள், தப்பாக நினைக்கமாட்டேன்."

உங்கள் வீட்டில் நாயைச் சமைத்திருப்பீர்கள் என்று நினைத்தேன் என்று அந்த மனுஷன் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? சொல்லாவிட்டால் பழி அந்த அம்மாவின் கையில் அல்லவா கிடக்கும்? சுபாஸ்ரீக்கு எல்லாம் தெரியும். "உள்ளதச் சொல்லிருங்க. அந்தப் பொம்பள பாவம்" என்றாள்.

போனை வாங்கினேன். "அன்றைக்கு எனக்கு வயிறு சரியில்லை. சொல்லச் சங்கடப்பட்டுப் பொய் சொன்னேன்" என்றேன்.

லியூவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. உடனே மெய்க்குக் குரல் செய்தி அனுப்பினார். அவர் ரசம் ஊற்றிக்கொள்வதற்குள் பதில் வந்தது. அதையும் போனையே தமிழில் சொல்ல வைத்தார்.

"வந்தவருக்கு உடம்பு சரியில்லை என்பதுகூடத் தெரியாமல் இருந்திருக்கிறேன். என் தப்புதான். என்னை மன்னிக்கச் சொல்லுங்கள்."

சுபாஸ்ரீ கரண்டியை வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனாள். லியூ என் பதிலுக்காகப் போனை நீட்டிக்கொண்டிருந்தார்.