சேலைக்கு உள்ளே ஒரு சேலை

வெற்றிச்செல்விக்கு அன்றைக்கு வந்த எரிச்சலைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறக்கி வைத்திருந்தால் ஒரு பஸ்கூட நகர்ந்திருக்காது. யார்மேல் எரிச்சல் என்று கேட்டால், ஒரு அம்மன்மேல். சாமிமேல் எரிச்சல்படலாமா என்று முகத்தைச் சுளிக்காதீர்கள் கண்ணுகளா, கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

பெரம்பலூரில் தையல் வகுப்பு நடத்துகிறவள் அவள். அரியலூரில் ஒரு கல்லூரிக் கண்காட்சிக்குச் சோழர் காலத்துப் பெண் ஒருத்தியின் ஆளுயரப் பொம்மை செய்திருந்தார்கள். அதற்கு உடுத்திவிடும் வேலை இவளுக்கு. பொறுப்பாளர் அறிவரசன் சார் நல்ல மனிதர்தான், ஆனால் எதற்கும் பயம். நாடகத்துக்குத் துணி வாடகைக்கு விடும் கடையிலிருந்து ஜிகினா வைத்த வெல்வெட் பாவாடை ஒன்றை முன்கூட்டியே வரவழைத்து அலமாரியில் தொங்கவிட்டிருந்தார்.

"நீங்க கட்டுறதுதான் சரின்னு ஏதாச்சும் ஆதாரம் வேணும்மா. இல்லன்னா இத மாட்டிடுவோம். ஜனங்களுக்கும் இதுதான் பழக்கம்."

ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பெண்ணுக்கு இடுப்பில் எலாஸ்டிக்கா? அந்தப் பாவாடையைப் பார்த்ததிலிருந்து வெற்றிச்செல்விக்குச் சோறு இறங்கவில்லை. கைத்தறி நூல் சேலை ஒன்றை வாங்கிச் சாயமும் ஏற்றிவிட்டாள். முன்னால் நடுவில் கொசுவம் விட்டுக் கட்டுவது என்பது அவள் கணக்கு. ஆதாரத்துக்குத்தான் அலைச்சல். கீழப்பழுவூரில் அவள் பார்த்த சிலைக்கு எண்ணெய் ஏறி மடிப்பெல்லாம் மழுங்கியிருந்தது. வாலிகண்டபுரத்தில் கிடைத்ததோ தூணில் விரல் நீள உருவம்.

கடைசியில் ஆண்டிமடத்துக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்புக்குள் ஒரு பழைய கல் அம்மன் இருப்பதைக் கேள்விப்பட்டுப் போனாள். ஆளுயரச் சிலை. கழுத்துவரை நைலக்ஸ் சேலைகள் சுற்றியிருந்தன. ஆனால் சேலைக்குக் கீழே கணுக்காலில், கல்லில் செதுக்கிய துணியின் ஓரம் நேற்று வெட்டியது போலக் கூர்மையாகத் தெரிந்தது. வெற்றிச்செல்வி அங்கேயே மண்டியிட்டு அதை உற்றுப் பார்த்தாள்.

அம்மனைப் பார்த்துக்கொள்கிறவள் கலியம்மாள். தோப்புக்காரி.

"அம்மா, உள்ள கல்லுல இருக்கற சேலைய ஒரு தடவ பாக்கணுங்க. மேல சுத்துனதக் கொஞ்சம் தூக்கிக் காட்டுறீங்களா?"

"ஒன் சேலைய நான் தூக்கிப் பாக்கட்டுமா? எந்த ஊருடி நீ?"

"பெரம்பலூருங்க."

"பெரம்பலூர்ல இப்படித்தான் கேப்பீங்களா?"

அடுத்த தடவை சூட்சுமமாக ஒரு புதுச் சேலையோடு போனாள். புதுசைக் கட்ட வேண்டுமானால் பழசை அவிழ்த்துத்தானே ஆக வேண்டும்? கலியம்மாள் சேலையை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பழசுக்கு மேலேயே அழகாகச் சுற்றிவிட்டாள்.

"பழச அவுக்கலீங்களா?"

"சாத்துனத அவுக்கற வழக்கம் இங்க கெடையாது. அதுவா நைஞ்சு வுழணும். அவுத்தா கொடுத்தவ வேண்டுதலும் சேந்து அவுந்து போயிடும்."

சரி, மனசு இளகட்டும் என்று இன்னொரு சேலை கொண்டுபோனாள். அதுவும் மேலே ஏறியது. அதோடு நின்றதா? பெரம்பலூர்க்காரி ஒருத்தி பஸ் ஏறி வந்து வந்து சேலை சாத்துகிறாள், கேட்டது கிடைக்காமலா இப்படிச் செய்வாள் என்று சுற்றுப்பட்டிலெல்லாம் பேச்சு பரவிவிட்டது. பிள்ளை வரம், வேலை, வழக்கு என்று ஆளாளுக்குச் சேலையோடு கிளம்பினார்கள். அடுத்து அவள் போனபோது அம்மன் நெல்குதிர் மாதிரி பருத்து நின்றாள். கணுக்கால்கூடத் தெரியவில்லை. நான் முதலில் சொன்ன எரிச்சல் அன்றைக்கு வந்ததுதான்.

வீட்டுக்கு வந்தால் புருஷன் செந்தில்குமார் சிரிக்கிறான். "எல்லாரும் தோண்டித்தான் ஆராய்ச்சி பண்ணுவாங்க. நீ மூடி மூடிப் பண்ற செல்வி."

"இன்னொரு தடவ சிரிச்சீங்கன்னா ராத்திரிக்குச் சோறு கெடையாது."

ஆடிக் கடைசி வெள்ளிக்கு முந்தின நாள் காலையில் கலியம்மாளே போன் செய்தாள். குரலில் நெருப்பு.

"ஏண்டி, அம்மனுக்குப் பித்தளக் கவசம் பூட்ட முடியல. இத்தன சேலைக்கு மேல கொக்கி எட்டுவனாங்குது. எல்லாம் நீ ஆரம்பிச்சு வெச்சது. உத்தரவு கேட்டுப் பூ போட்டுப் பாத்தாச்சு, அவுக்கலாம்னு வந்துருச்சு. நீயே வந்து அவு. பாவமோ புண்ணியமோ ஒன் தலையில."

வெற்றிச்செல்வி பறந்து போனாள். பெண்கள் நான்கு பக்கமும் சேலையை விரித்துப் பிடித்து மறைப்புக் கட்டினார்கள். கலியம்மாள் கையை நீட்டினாள்.

"போனக் குடுத்துட்டு உள்ள போ. அம்மன் மேனிய யாரும் படம் புடிக்கப்படாது."

கொடுத்தாள். வேறு வழி? ஒவ்வொரு சேலையாக அவிழ்த்தாள். அடியில் இருந்தது எண்ணெயில் ஊறித் தோலாக ஒட்டியிருந்தது. அதையும் உரித்தபோது கல் தெரிந்தது.

கொசுவமே இல்லை!

துணி இடுப்பைச் சுற்றி வந்து, கால்களுக்கு நடுவே வாங்கி, பின்னால் செருகியிருந்தது. ஒரு தொடையில் முழங்காலுக்கு மேலேயே நின்றது, மறுகாலில் கணுக்கால்வரை இறங்கியது. இடுப்பில் தனியாக ஒரு துண்டு, பக்கவாட்டில் முடிச்சு. இத்தனை மாதம் அறிவரசனிடம் கொசுவம், கொசுவம் என்று சண்டை போட்டது முழுக்கத் தப்பு. வெற்றிச்செல்வி தலையில் கை வைத்துக்கொண்டாள். பிறகு மறுநாள் விழாவுக்கென்று வைத்திருந்த புதுச் சேலையை எடுத்து, கல்லின் மடிப்பு போகிற வழியிலேயே தன் விரலை விட்டு, அதன்மேல் அப்படியே கட்டிப் பார்த்தாள். வழுக்காமல் நின்றது. ஊக்குகூடத் தேவைப்படவில்லை.

கலியம்மாள் எட்டிப் பார்த்தாள். "என்னடி இது, ஆம்பள தார்பாய்ச்சுன மாதிரி?"

"அம்மன் கட்டியிருக்கறதே இப்படித்தாங்க. துணிக்குள்ள கைய விட்டுத் தடவிப் பாருங்க."

கலியம்மாள் தடவிப் பார்த்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"செதுக்குனவன் ஆம்பள. அவனுக்கு என்ன தெரியும்? நீ ஒழுங்காக் கொசுவம் வெச்சுக் கட்டு."

"சீக்கிரம் கட்டுங்கக்கா, கை கடுக்குது" என்று மறைப்புப் பிடித்தவர்கள் கத்தினார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அவிழ்த்து, கொசுவம் வைத்துக் கட்டிவிட்டு வந்தாள்.

அரியலூரில் அறிவரசன் தலையைச் சொறிந்தார். "போட்டோ இல்லீங்களா? அப்ப பொம்மைக்குப் பக்கத்துல வெக்கற அட்டையில ஆதாரம்னு என்ன எழுதறது? வெல்வெட்டே..."

"என் பேர எழுதுங்க சார்."

"உங்க பேரா?"

"வெற்றிச்செல்வி கண்ணால பாத்ததுன்னு எழுதுங்க. நான் சொன்ன கொசுவம் தப்புன்னு நானேதான வந்து சொல்றேன்? இதுவும் தப்புன்னு எவராச்சும் நிரூபிச்சா என் பேருதான கெடும். உங்களுக்கு என்ன?"

சண்டைக்காரி தானாகத் தோற்றுப்போனதை ஒத்துக்கொண்டதுதான் அவரை அசைத்தது போலும். பாவாடையை மடித்து அலமாரிக்குள் தள்ளிவிட்டு, அட்டையில் அவள் சொன்னபடியே எழுதினார்.

வெற்றிச்செல்வி பொம்மைக்குக் கட்டி முடித்து, முடிச்சை இழுத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தாள். அப்போது கூட்டுகிற லீலாவதி உள்ளே வந்தாள். பொம்மையை மேலும் கீழும் பார்த்தாள். உச்சுக் கொட்டினாள்.

"அய்யோ பாவம், கொசுவம் அவுந்து கெடக்கு" என்று வளையலிலிருந்து ஊக்கைக் கழற்றிக்கொண்டு பொம்மையிடம் குனிந்தாள்.

"யாரது! தொட்டீங்க, கைய ஒடிச்சிருவேன்!" என்று வெற்றிச்செல்வி பாய்ந்து குறுக்கே நின்றாள்.