அளக்காத இருநூற்றைம்பது

நைட்டிங்கேல் அம்மையாரின் படம் கண்காட்சி அட்டையில் ஒரு பக்கம் சாய்ந்து ஒட்டிக்கொண்டது. பசை காய்வதற்குள் அதை நேராக்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் நான் அந்தப் பொய்யை எழுதினேன். எழுதும்போது அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் கூடுதல் வெட்கம்.

மே பன்னிரண்டு தாதியர் தினம். இந்த முறை எங்கள் ஆஸ்பத்திரிக் கண்காட்சிக்கு மேட்ரன் கொடுத்த தலைப்பு, 'தாதியத்தை வளர்த்த பெண்கள்'. ஜமெய்க்காவின் மேரி சீகோல் என்னோடு வேலை செய்யும் யசோதினிக்குப் போனார். எனக்கு இரண்டு பேர். நபிகளார் காலத்தில் கூடாரம் அடித்துக் காயப்பட்டவர்களைப் பராமரித்த ருஃபைதா ஒருவர், நைட்டிங்கேல் மற்றவர். முதல் பரிசு இந்த ஏறாவூர் ஹிதாயாவுக்குத்தான் என்று யசோதினியிடம் நானே சொல்லித் திரிந்தேன். பதினாறு வருடச் சேவை, வாயும் கொஞ்சம் நீளம்.

அது ஏப்ரல் கடைசி. ஆண்கள் வார்ட்டில் ஏழாம் கட்டிலில் வவுணதீவு நல்லரத்தினம் எலிக்காய்ச்சலோடு கிடந்தார். வயல் சேற்றில் நின்று வாங்கி வந்த காய்ச்சல். இந்த நோயில் சிறுநீரகம் பழுதாகத் தொடங்கினால் சிறுநீர் குறையும். அதனால் நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சிறுநீரை அளந்து அட்டையில் எழுத வேண்டும். அளப்பது தாதியின் வேலை. பகலில் துணைக்கு நிற்க அவருடைய மனைவி கண்ணகைக்கு அனுமதித் துண்டு கொடுத்திருந்தோம்.

காலை பத்து மணிக்கு நான் மேசையில் படம் ஒட்டிக்கொண்டு இருந்தபடியே குரல் கொடுத்தேன்.

"அக்கா, ஐயாக்கு சலம் எப்பிடிப் போகுது?"

"பொலிஞ்சுதான் இரிக்கி மிஸ்."

இருநூற்றைம்பது மில்லிலீற்றர் என்று எழுதினேன். இரண்டு மணிக்கும் அதே கேள்வி, அதே பதில், அதே இருநூற்றைம்பது. ஏழாம் கட்டில் என் மேசையிலிருந்து பதினைந்து அடிகூட இல்லை.

கண்ணகை ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாது என்றால், அது இரண்டாவது பொய். என் வாப்பாவும் வயல்காரர். களவெட்டியில் நெல் அளக்கும்போது 'குறைவு', 'முடிஞ்சுது' என்ற சொற்கள் வாயில் வரவே கூடாது, சொன்னால் உள்ளதும் போய்விடும் என்பார்கள். எட்டு வயதில், "வாப்பா, நெல்லு முடிஞ்சு போச்சா?" என்று கேட்டு முதுகில் ஒன்று வாங்கியிருக்கிறேன். குவியல் கரைந்து அடித்தரை தெரிந்தாலும் 'பொலிஞ்சிரிக்கி' என்றுதான் சொல்வார்கள். கட்டிய புருசனைப் பற்றிக் குறைகிறது என்று கண்ணகையின் நாக்கு எப்படிச் சொல்லும்? இது தெரிந்த ஒரே தாதி அன்றைக்கு வார்ட்டில் நான்தான்.

ஐந்து மணிக்கு டொக்டர் சாலிஹ் வந்தார். நல்லரத்தினத்தின் வீங்கிய காலை அழுத்திப் பார்த்தார். விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. அட்டையைப் பார்த்தார், திரும்பவும் காலைப் பார்த்தார்.

"போன சலம் எங்க?"

கண்ணகை கட்டிலுக்கு அடியிலிருந்து அளவுச் சாடியை எடுத்தாள். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக்கூட இல்லை. பால் விடாத வெறுந்தேயிலையின் நிறம்.

"காலையிலிருந்து இவ்வளவுதானா?"

"ஓம் டொக்டர். மிஸ் வந்து பாப்பா எண்டு ஊத்தாம வெச்சிரிக்கன்."

டொக்டர் என் பக்கம் திரும்பினார். என் வாய் முந்திக்கொண்டது.

"இவதான் டொக்டர் நல்லாப் போகுதெண்டு சொன்னவ. கேட்ட ரெண்டு தரமும் பொய் சொல்லிரிக்கா."

ஏழெட்டு நோயாளிகள் பார்த்துக்கொண்டிருக்க டொக்டர் அவளைத் திட்டினார். புருசன் சாகக் கிடக்கும்போது பொய் சொல்கிறாயா என்று கேட்டார். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "என்ட பிழைதான் டொக்டர், என்ட பிழைதான்" என்று அழுதாள். நான் அட்டையைக் கையில் பிடித்தபடி வாயை மூடிக்கொண்டு நின்றேன். அரை மணித்தியாலத்தில் அம்புலன்ஸ் அவரை இரத்தம் சுத்திகரிக்கும் மெசின் உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது.

கண்காட்சியில் முதல் பரிசு எனக்குத்தான் கிடைத்தது. ஒலிவாங்கியைப் பிடித்து நன்றாகத்தான் பேசினேன். போரில் காயத்தால் செத்தவர்களைவிட ஆஸ்பத்திரியில் நோயால் செத்தவர்களே அதிகம் என்று கணக்கெடுத்து, அதை நிறம் தீட்டிய படமாக வரைந்து அதிகாரிகளின் முகத்துக்கு முன்னால் வைத்தவர் நைட்டிங்கேல் என்றேன். "அவர் வாய்ப்பேச்சை நம்பவில்லை, எண்ணிப் பார்த்தார்" என்றபோது எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் காது எரிந்தது.

மேடையை விட்டு இறங்கினால் கண்ணகை நிற்கிறாள். கையில் ஒரு சட்டி எருமைத் தயிர்.

"அவர் தப்பிட்டார் மிஸ். நாலு தரம் மெசின்ல போட்டாங்க. இப்ப சலம் நல்லாப் போகுது." அவசரமாக, "மெய்யாத்தான் மிஸ், அளந்து பாத்தவங்க" என்றாள். "நான் பொய் சொன்ன பாவத்துக்கு சித்தாண்டி முருகனுக்குக் கற்பூரச்சட்டி எடுக்க நேந்திரிக்கன்."

தயிர்ச் சட்டியை வாங்க என் கை நீளவில்லை.

"அக்கா, அந்த நேத்தி உங்களுக்கில்ல. அளக்க வேண்டியவ நான். கதிரைய விட்டு எழும்பாம நானா ஒரு கணக்க எழுதினன். நீங்க 'பொலிஞ்சிரிக்கி' எண்டா என்ன அருத்தமெண்டும் எனக்குத் தெரியும். நானும் வயல்காரன்ட மகள்தான்."

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"மறுகா ஏன் மிஸ் அண்டைக்கு டொக்டருக்கு முன்னால சொல்லல்ல?"

பயம் என்று சொல்லலாம். அதுகூட முழு உண்மை இல்லை. இவள் யார், வயல்காரி, என்னத்தைத் திருப்பிக் கேட்கப்போகிறாள் என்ற எண்ணமும் அன்றைக்கு எனக்குள் இருந்தது.

"வார்ட்டில எல்லாரும் கேட்டுட்டு இருந்தவங்க மிஸ். புருசனச் சாகக் குடுக்கப் பாத்தவ எண்டு ஊரிலயும் கதை வந்திட்டு." தயிர்ச் சட்டியை மேடையோரத்தில் இருந்த என் பரிசுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "டொக்டர் இப்ப எங்க இரிக்கார்?"

"வார்ட்டில."

"அப்ப வாங்க."

பின்னால் மேட்ரன் படம் எடுக்க என் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் திரும்பவில்லை. வார்ட் வாசலில் கண்ணகை நின்றுகொண்டாள், என்னை முன்னால் விட்டாள். டொக்டர் சாலிஹ் ஏழாம் கட்டிலில் புது நோயாளி ஒருவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கு இருந்தவர்களில் இரண்டு பேர் இன்னும் கட்டிலில் கிடந்தார்கள். அவர்களுக்கும் கேட்க வேண்டும் என்று குரலை உயர்த்தினேன்.

"டொக்டர், இந்த அக்கா பொய் சொல்லல்ல. சொன்னவ நான்."