சண்முகப்பிரியாவுக்கு ஒரு சாரட்டு

'வேண்டாம்' என்ற சொல்லைச் சண்முகப்பிரியாவைப் போல அழகாகச் சொல்ல பெரம்பலூர் ஜில்லாவில் இன்னொருத்தி பிறக்கவில்லை. துறையூர் சாலையில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் அவளுடைய நிதி ஆலோசனை ஆபீஸ். ஓய்வுப் பணம், நிலம் விற்ற பணம் என்று எதைக் கையில் பிடித்துக்கொண்டு யார் படியேறினாலும் முதலில் மோர் கொடுப்பாள். பிறகு வந்தவரின் ஆசை என்னவென்று கேட்பாள். கடைசியில், "ஒரு வாரம் ஊறட்டும். அப்பவும் இதே ஆசை இருந்தா வாங்க" என்பாள். ஊறப்போட்ட ஆசைகளில் முக்கால்வாசி திரும்பி வந்ததே கிடையாது. அவளுக்குப் பயந்து ஊர் நகைக்கடைகள் எல்லாம் ஷட்டரைப் பாதி இறக்கியே வைத்திருந்ததாகக்கூடப் பேச்சு. செந்துறைப் பக்கத்து மனிதர் ஒருவர், டைனோசர் முட்டை என்று எவனோ விற்க வந்த உருண்டைக் கல்லில் தன் மொத்தச் சேமிப்பையும் போடத் துடித்தபோது, "குஞ்சு பொரிச்சதும் சொல்லுங்க, யோசிப்போம்" என்று திருப்பி அனுப்பியவள் அவள்.

அவளுக்கு விருது. நிதித் திட்டமிடல் தொழிலுக்குச் சிறந்த பங்களிப்பு செய்தவர் என்று அந்தத் தொழில்காரர்களின் சங்கம் சென்னையில் வைத்துக் கொடுக்கிறது. எந்தக் கம்பெனியிடமும் கமிஷன் வாங்காமல், ஆலோசனைக் கட்டணத்தில் மட்டுமே நாணயமாகப் பிழைக்கலாம் என்று நடத்திக் காட்டியவள். ஆண்டிமடத்திலும் தா.பழூரிலும் தன்னைப் போலவே பெண்களைப் பழக்கி, ஆளுக்கொரு மேசை நாற்காலி போட்டு உட்கார வைத்தவள்.

செய்தி கேட்டு அதிகம் துள்ளியவர் ராசாங்கம், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் ரிட்டயரானபோது, கிடைத்த பணத்தை முழுசாகக் கேட்டு மச்சான் வாசலில் வந்து நின்றார். பங்குக்கு ஒரு சிமெண்ட் லாரி வாங்கலாம் என்றார். சண்முகப்பிரியா வேண்டாம் என்றாள். மச்சான் கடன் வாங்கித் தனியாகவே வாங்கினார். அந்த லாரி இன்றைக்கும் அரியலூர் போகிற வழியில் ஒரு புளியமரத்தடியில் நிற்கிறது. அதன் இன்ஜினுக்குள் மைனாக்கள் மூன்று தலைமுறையாகக் குடித்தனம் நடத்துகின்றன. இங்கே ராசாங்கத்தின் மகளோ அந்தப் பணத்தில் கால்நடை மருத்துவம் படித்து முடித்து வேலையிலும் சேர்ந்துவிட்டாள்.

இதற்கு நன்றி சொல்ல அவர் படாத பாடில்லை. தீபாவளிக்கு அதிரசம் அனுப்பினார், திரும்பி வந்தது. முந்திரி அனுப்பினார், வந்தது. ஒரு பூசணிக்காயை அவள் ஆபீஸ் வாசலில் வைத்துவிட்டு ஓடியே வந்தார். அவர் வீடு போய்ச் சேருமுன் பூசணிக்காய் ஆட்டோவில் வந்து காத்திருந்தது. வாடிக்கையாளரிடம் எதையும் வாங்குவதில்லை என்பது அவள் சட்டம்.

"இந்தத் தடவ வுட மாட்டேன்" என்றார் ராசாங்கம், டீக்கடையில் கூடிய பழைய வாடிக்கையாளர்களிடம். "சென்னையிலேருந்து பஸ்ஸுல வந்து எறங்குறாங்க. புது பஸ் ஸ்டாண்டுலேருந்து ஆபீஸ் வரைக்கும் சாரட்டு வண்டி. ரெண்டு வெள்ளக் குதிர. ஆளுக்குக் கொஞ்சம் போடுங்க."

எல்லோரும் டீயைப் பார்த்தார்கள்.

"ஒரு வாரம் ஊறட்டுமே" என்றார் உரக்கடை குருநாதன்.

"யோவ், நாளான்னிக்கு விழாய்யா."

"நாங்க என்ன பண்றது? அந்தம்மா பழக்கிவுட்ட பழக்கம்."

ராசாங்கம் தானே செலவு செய்வதென்று வீட்டுக்கு வந்தார். ஏ.டி.எம். கார்டு மனைவி அம்சவள்ளியின் அஞ்சறைப்பெட்டியில் சீரகத்தோடு இருந்தது. அவள் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"மேடத்த கேட்டீங்களா?"

"அவங்களுக்குத்தான்டி செய்யிறேன்."

"அதனால என்ன? பெரிய செலவுன்னா கேக்கணும். கேட்டுட்டு வாங்க, தரேன்."

வேறு வழியில்லாமல் போன் போட்டார். வியர்த்த வியர்வையில் போன் இரண்டு முறை வழுக்கியது.

"மேடம், ஒரு செலவு. ஒறவுக்காரப் பொண்ணு ஒண்ணுக்கு."

"என்னங்கண்ணே, சீரா?"

"அப்புடித்தான் வச்சுக்குங்க. குதிர வண்டியில ஊர்வலம்."

"அந்தப் பொண்ணு கேட்டுச்சா?"

"அது எங்க கேக்கும்? கேட்டா வேணாம்னுதான் சொல்லும்."

"அப்ப எதுக்குண்ணே வீண் செலவு?"

"எங்க குடும்பத்துக்கு அது செஞ்சது கொஞ்சமில்ல மேடம். நாங்க ஒரு வெத்தல பாக்குகூடத் திருப்பி வச்சதில்ல. வைக்க வுடல அது."

மறுமுனை, "சரிண்ணே. ஒரு வாரம் ஊறட்டும்" என்றது.

"ஊறிடுச்சு மேடம். பதினோரு வருசமா ஊறுது."

போன் செத்துவிட்டதோ என்று ராசாங்கம் அதைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"செய்யுங்கண்ணே" என்றாள் அவள். "ஒத்தக் குதிர போதும்."

அம்சவள்ளி அஞ்சறைப்பெட்டியைத் திறந்தாள்.

திருச்சியிலிருந்து வந்து நின்ற சாரட்டைப் பார்க்க பெரம்பலூரில் பாதியும் அரியலூரில் கால்வாசியும் புது பஸ் ஸ்டாண்டில் கூடிவிட்டன. சென்னை பஸ்ஸிலிருந்து ஒரு துணிப்பையோடு சண்முகப்பிரியா இறங்கினாள். விருது பைக்குள்ளிருந்து கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தது. அவள் குதிரையைப் பார்த்தாள். ராசாங்கத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, இதானா உங்க ஒறவுக்காரப் பொண்ணு?"

"நீங்கதான மேடம் செய்யச் சொன்னீங்க."

"யாருன்னு தெரியாம சொன்னேன். நான் ஏற மாட்டேன். ஆட்டோ கூப்புடுங்க."

"பணம் கட்டியாச்சு மேடம்."

"கட்டுன காசு போனது போனதுதான். அதுக்காக வேண்டாததைச் செய்யக் கூடாதுன்னு உங்களுக்கு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

அது உண்மை. ராசாங்கம் கையிலிருந்த மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் குதிரையின் பக்கமாக ஒரு தரம், அவள் பக்கமாக ஒரு தரம் நீட்டினார். தோள் இரண்டும் இறங்கிப்போயின.

அம்சவள்ளி முன்னால் வந்தாள். "ஆயி, நீ எங்களுக்குச் செஞ்சப்ப வேண்டாம்னு நாங்க சொல்லலையே. வாங்கிக்கிட்டோம். கூச்சமாத்தான் இருந்துச்சு."

சண்முகப்பிரியா வாயைத் திறந்தாள். ஊரே அந்த 'வேண்டாம்' வரப்போவதாக மூச்சைப் பிடித்தது. குதிரைகூடக் காதை விறைத்தது. அவள் துணிப்பையை அம்சவள்ளியின் கையில் கொடுத்துவிட்டு, ராசாங்கத்துக்கு முன்னால் தலையைக் குனிந்தாள். மாலை விழுந்தது.

"தனியா உக்கார வெக்கமா இருக்குண்ணே. அக்காவும் நீங்களும் ஏறுங்க."

ஏறினார்கள். சாரட்டு பாலக்கரை ரவுண்டானாவைத் தொட்டபோது அதன் பின்னால் ஜெயங்கொண்டம் வரைக்கும் வண்டிகள் நின்றிருக்கும். ஒரு பஸ் டிரைவர் பக்கவாட்டில் வந்து தலையை வெளியே நீட்டினார்.

"ராசாங்கண்ணே, என்ன, எழுபதாங் கல்யாணமா?"

"இல்லடா, மேடத்துக்கு விருது."

"எதுக்கு?"

"ஊரு பூரா வேண்டாம் வேண்டாம்னு சொன்னதுக்கு."

டிரைவர் சண்முகப்பிரியாவைப் பார்த்துக் கும்பிட்டார். "எங்க வூட்டுலயும் ஒருத்தி தெனமும் அதான் சொல்றா. அடுத்த வருசம் அவ பேரையும் எழுதிப் போடுங்கம்மா."

மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு சண்முகப்பிரியா சிரித்த சிரிப்பில் குதிரை மிரண்டு, துறையூர் சாலையில் தானாகவே ஓட்டம் பிடித்தது.