மண்டபத்தைத் திருப்பிக் கொடு

சோர்லியின் நடன மண்டபம் சோர்லியில் கட்டியதல்ல, பக்கத்து ஊரான ப்ரூயிட்டில் கட்டியது. ரயில் ப்ரூயிட்டை ஒதுக்கிவிட்டு சோர்லிக்கு வந்ததும், ஓரினின் அப்பாவும் மற்ற பண்ணைக்காரர்களும் அதை அடிமாட்டு விலைக்கு வாங்கினார்கள். அடியில் உத்தரங்களைக் கொடுத்து, குதிரைகளைப் பூட்டி, பனி உறைந்த புல்வெளியில் இழுத்து வந்துவிட்டார்கள். வாங்கினோம் என்பார்கள் சோர்லிக்காரர்கள். திருட்டுப் பயல்கள் என்பார்கள் ப்ரூயிட்காரர்கள்.

அந்த மண்டபத்து நடனத்தில்தான் ஓரின் மாரிட்டைப் பார்த்தார். ப்ரூயிட் பெண். "மண்டபத்தத் தூக்கினது போதாதுன்னு பொண்ணையும் தூக்கிட்டானுங்க" என்று கல்யாணத்திலேயே அவள் அப்பா பொருமினார். அதன்பிறகு சூப்பில் உப்புக் கூடினாலும், ஓரின் சாணிக்காலோடு உள்ளே வந்தாலும், சண்டையின் முடிவில் மாரிட் இடுப்பில் கைவைத்து நிற்பாள்.

"எங்க மண்டபத்தத் திருப்பிக் குடு. நானும் கிளம்பிப் போறேன்."

"மண்டபம் இங்கதான்டி இருக்கும்."

அதோடு சண்டை தீர்ந்துவிடும். வேறு விதமாக ஆசையைச் சொல்ல ஓரினுக்குத் தெரியாது.

அப்போது சோர்லிக்கு நல்ல காலம். இலையுதிர் காலம் வந்தால் ரயிலுக்குக் காத்திருக்கும் மாடுகளின் கத்தலில் பாதிரியார் பிரசங்கம் யாருக்கும் கேட்காது, அதில் யாருக்கும் வருத்தமும் கிடையாது. இரண்டு ஓட்டல், ஒரு வங்கி, சண்டைக்காரப் பல் வைத்தியர் எல்லாம் உண்டு. பிறகு மாடுகள் லாரியில் போகத் தொடங்கின. மழை பொய்த்தது. தண்டவாளத்தைப் பிடுங்கினார்கள். பிள்ளைகள் நகரத்துக்குப் போனார்கள், வீடுகளும் சக்கரம் வைத்த மேடைகளில் ஏறிப் போயின. இப்போது புகைபோக்கியில் புகை வருவது ஓரின் வீட்டிலும், மாரிட்டின் தங்கை தெல்மா வீட்டிலும் மட்டும்தான். மாரிட் மேட்டுக் கல்லறையில் இருக்கிறாள்.

நெடுஞ்சாலை வந்த ப்ரூயிட் அந்த மண்டபத்தைத் திரும்ப வாங்கியிருந்தது. கொண்டுபோக லைல் என்ற வாலிபன் வந்தான். ஊர்ப்பாலம் இடிந்துவிட்டதால் ஓரினின் பண்ணை வழியாகத்தான் போயாக வேண்டும். பண்ணை வாசலிலோ, அப்பா காலத்து மாட்டுச் சூட்டுக்குறிப் பலகை தொங்கும் மர வளைவு குறுக்கே நின்றது.

"வளைவ மட்டும் இறக்கிக்கிறோம் பெரியவரே. திரும்ப வச்சுத் தந்துடுறோம்."

"முடியாது. போய்யா."

தெல்மா ரொட்டியோடு வந்து நின்றாள். "என்ன அத்தான், வளைவுக்கா இந்த வீம்பு? அது எப்பவோ ஒரு பக்கம் சாஞ்சாச்சு."

ஓரின் வெகுநேரம் தொப்பியை உருட்டிக்கொண்டிருந்தார். "மண்டபம் போனா தானும் போயிடுவேன்னு உங்க அக்கா சொல்லிட்டே இருந்தா."

தெல்மா சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"கூரை ஒழுகுது அத்தான். அவ ஆடின தரை இங்க கெடந்து மக்கணுமா? ப்ரூயிட்ல சனிக்கிழமை தவறாம ஆடுறாங்களாம்."

மறுநாள் காலை லைல் வருவதற்குள் ஓரினே ரம்பத்தை எடுத்து வளைவை இறக்கியிருந்தார். மண்டபம் லாரியில் ஆடி ஆடி வெளியேறியது. அது புல்வெளிக்கு அப்பால் மறையும்வரை தெல்மா அவர் கையை விடவில்லை.

பிறகு அவர் தனியாக மேட்டுக்கு ஏறிப்போய் மாரிட்டின் கல்லறை அருகே உட்கார்ந்தார்.

"குடுத்துட்டேன்டி" என்றார். "கிளம்புறதுன்னா இப்பக் கிளம்பு."

காற்று அடித்தது. கீழே காலியான இடத்தில் ஒரு பசு மேய வந்தது. ஓரின் சாயங்காலம்வரை காத்திருந்தார்.

மாரிட் கிளம்பவில்லை.