நாலு சொல்லாத எண்ணிக்கை

நரி மந்திரக்காரி கோபுரத்துக்கு வெளியே அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது, மேடையிலிருந்த பெண் ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்தினாள். சிவப்பு உடை, அவிழ்ந்த கூந்தல், நெஞ்சில் நாயகனின் வாள். கூந்தல் பாதி மறைத்த முகம் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. அப்படித்தான் பார்க்க வேண்டும் என்பது டைரக்டரின் கட்டளை. முகம் தெரிந்தால் டூப் என்பதும் தெரிந்துவிடும்.

ஹாங்காங்கில் சாய் வான் ஹோ தியேட்டரில் ஞாயிறு மதியக் காட்சி. ‘செந்நரிக் கோபுரம்’ வந்து நாற்பத்தொரு வருஷம் ஆகிறது. படம் முடிந்ததும் விமர்சகர் தொங் மான்-யீ பேசுவார் என்று நோட்டீசில் போட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கு வேலை கிடையாது. மற்ற நாட்களிலும் கிடையாது. வீட்டில் பேச்சுத் துணைக்கு ரேடியோ ஒன்றுதான். முன்வரிசையில் யாருமே உட்காரவில்லை என்பதால் அங்கே போய் உட்கார்ந்துகொண்டேன்.

மேடையிலிருந்த மான்-யீக்கு முப்பது வயதுகூட இருக்காது. முதலில் நிறைகளைச் சொன்னாள். “வாள் சண்டையெல்லாம் இன்னிக்கும் அசத்துது. பறக்கறது நிஜ உடம்பு, நிஜ உயரம். மந்திரக்காரி வந்தப்புறம்தான் படத்துக்கே உயிர் வருது.” பிறகு குறைகள். “கதைல ஏகப்பட்ட ஓட்டை. செத்துப்போன குரு ஏன் திரும்பி வர்றார்னு டைரக்டருக்கே தெரியாது. மேகமெல்லாம் பஞ்சுன்னு கடைசி வரிசைலேருந்தே தெரியுது.”

அரங்கம் சிரித்தது. நானும் சிரித்தேன். மோங் கோக் கடைத்தெருவில் மெத்தைக்காரனிடம் வாங்கிய பஞ்சு அது. மூன்றாம் நாளே புகை பட்டுக் கறுத்துப்போக, திருப்பிப் போட்டு மிச்சப் படத்தை எடுத்தோம். தெரிந்திருந்தால் இந்தப் பெண் அதையும் குறையில் சேர்த்திருப்பாள்.

“ஆனா பெரிய குறை இந்த ஷாட்தான். வாள் குத்தியாச்சு. விழ வேண்டியவ மூணு செகண்ட் சும்மா தொங்கறா. சண்டையோட வேகமே இங்க படுத்துடுது. ஏன் இப்படி விட்டாங்கன்னு எனக்குப் புரியவே இல்ல.”

எனக்குப் புரியாமல் என்ன? அவளைத் தொங்கவிட்ட கயிறு என் கையில்தான் இருந்தது.

தொங்குகிறவள் பெயர் யூட்-சின். இரண்டு வருஷம் அவளைத் தூக்கியதும் இறக்கியதும் நான்தான். இந்த ஷாட் எடுத்த அன்று காலை இடுப்புப் பட்டையை இறுக்கிக்கொண்டிருந்தபோது, ஏதோ சந்தையில் கீரை விலை கேட்பவள் மாதிரி கேட்டாள்.

“பாங், கனடாக்காரன் மறுபடி கடுதாசி போட்டிருக்கான். கல்யாணத்துக்கு ஆமாவா இல்லையான்னு சனிக்கிழமைக்குள்ள எழுதணும். நீ என்ன சொல்ற?”

“நான் என்னத்தச் சொல்றது?”

“ஏன், உன் வாயிலயும் முடிச்சு போட்டு வெச்சிருக்கியா?” என்று சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாள். நான் அவள் பட்டையின் கொக்கியைப் பார்த்தேன். அறைக்கு வாடகை, ஊரில் அம்மா, நாளைக்குக் கயிறு அறுந்தால் நானே இல்லை என்று எனக்குள் ஆயிரம் காரணம் ஓடியது. உண்மையில் அது வெறும் பயம். அதற்குள் ஸ்டண்ட் மாஸ்டர் கூப்பிட்டுவிட்டார்.

எங்கள் தொழிலில் நாலு என்று எண்ண மாட்டோம். எங்கள் சீனப் பேச்சில் நாலும் சாவும் ஏறக்குறைய ஒரே ஓசை. ஒருவர் உயிர் கயிற்றில் தொங்கும்போது அதை யார் வாயால் சொல்வது? வாள் பட்டதும் கயிற்றுக்காரன் வாய்க்குள் ஒன்று, இரண்டு, மூன்று, ஐந்து என்று வேகமாக எண்ணி, ஐந்தில் கயிற்றை விடுவான். தவறி நாலு வந்துவிட்டால் விடக்கூடாது. மறுபடி ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும்.

வாள் பட்டது. மூன்று மாடி உயரத்திலிருந்து யூட்-சின் என்னைப் பார்த்தாள். அவள் கனமெல்லாம் என் கையுறைக்குள் இருந்தது. விட்டால் அட்டைப்பெட்டிகள் மேல் விழுவாள், எழுந்து தூசி தட்டுவாள், சனிக்கிழமை கடிதம் எழுதுவாள். பின்னால் கயிறு பிடித்திருந்தவன், “விடுடா, விடுடா!” என்று கத்தினான். விட்டேன்.

மாஸ்டர் பாய்ந்து வந்தார். “என்னடா ஆச்சு உனக்கு?”

“நாலு சொல்லிட்டேன் மாஸ்டர். திரும்ப எண்ணினேன்.”

தலையில் ஒரு குட்டு வைத்தார். கெட்டது கழியட்டும் என்று யூட்-சின் கையில் பணம் வைத்த ஒரு சிவப்பு உறையைத் திணித்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பாமல் நடந்தாள். அந்தச் சனிக்கிழமையே பதில் எழுதிப் போட்டுவிட்டாள் என்று ஒப்பனைக்காரப் பெண் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

“இந்த டூப் இப்ப கனடால, டொரொன்டோல இருக்காங்க,” என்றாள் மான்-யீ. “இந்த ஷாட்டைப் பத்திக் கேட்டு எழுதியிருந்தேன். போன வாரம் பதில் போட்டாங்க.” கைபேசியைப் பார்த்து வாசித்தாள்.

“‘வாய் தவறி நாலு எண்ணிவிட்டதாகக் கயிற்றுக்காரர் சொன்னார். மாஸ்டர் நம்பினார். நான் மேலேயிருந்து அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் எண்ணவே இல்லை. ஏன் என்று அவர்தான் சொல்ல வேண்டும்.’”

மான்-யீ தோளைக் குலுக்கினாள். “அவர் யாருன்னு தெரியல. டைட்டில்ல பேரும் இல்ல. இப்ப உயிரோட இருக்காரோ என்னவோ. சரி, யாருக்காவது கேள்வி இருக்கா?”

என் கை தானாக உயர்ந்திருந்தது. மைக்கைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

“சொல்லுங்க ஐயா.”

சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்தான். அன்று காலை சொல்லியிருக்க வேண்டியது. பின்வரிசையில் யாரோ இருமினார்கள். மான்-யீ பொறுமையாகப் புன்னகைத்துக்கொண்டிருந்தாள்.

“கேள்வின்னு ஒண்ணும் இல்லம்மா,” என்றேன். “அந்தப் படத்த உடனே எடுத்துடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்.”

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ரிமோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, பைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களோடு பேசப் போனாள். ஒவ்வொருவராக வெளியேறினார்கள். நான் மட்டும் முன்வரிசையில் உட்கார்ந்தேன். மடியில் இரண்டு கைகளும் இறுக மூடியிருந்தன. மேலேயிருந்து யூட்-சின் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.