வராத ரத்தம்

“ரத்தம் பட்டுச்சுன்னு சொல்லு, போதும். ஒரே ஒரு பொய்,” என்றாள் அண்ணி டோனா, ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.

ஜெம்மா இரவு சோபாவில் போர்த்திப் படுத்திருந்த போர்வையை மடித்தாள். கோணலாக இருப்பதாகப் பட்டது. பிரித்து மறுபடி மடித்தாள்.

“நம்ம டைலர் வயித்துல இருந்தப்ப நான் அப்படித்தான் செஞ்சேன். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, லேசாப் பட்டிருக்குன்னேன். மறுநாளே ஸ்கேன். பேரு, முத்திரை எல்லாம் போட்டுப் பேப்பர் குடுத்தாங்க. அதைக் கொண்டுபோய் வீடு ஒதுக்குற கவுன்சில்ல வச்சதும் ஒருத்தன் வாயத் திறக்கல. இந்தத் தெருவுல பாதிப் பேரு வீடு வாங்கினது அப்படித்தான், கண்ணு.”

“எனக்கு அது வராது டோனா.”

“எது வராது? பொய்யா? உன் ஆளு லூயிஸ் உன்ன விட்டுட்டு ஓடிப்போனப்ப ‘வேலை விஷயமாப் போயிருக்கான்’னு ஊரெல்லாம் சொன்னியே, அது?”

வாசலில் நின்றிருந்த அண்ணன் கிரெய்க் தங்கையின் முகத்தைப் பார்க்காமல் பேசினான். “வீட்டுக்காரன் நாளைக்குக் காலைல பாக்க வரான், ஜெம். கூட ஒரு ஆள் தங்குறது தெரிஞ்சா எங்களையும் சேத்துத்தான் அனுப்புவான்.”

அவளுடைய பை ஏற்கெனவே கதவருகே இருந்தது. டோனா கெட்டவள் அல்ல. மசக்கைக் குமட்டலுக்கு இஞ்சி பிஸ்கட் பொட்டலம் ஒன்றைப் பையின் மேலாக வைத்திருந்தாள்.

கவுன்சில் கூடத்தில் மழைக்கோட்டுகளின் ஈர வாடை அடித்தது. முறை வருவதற்குள் ஜெம்மாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. ஓடியும் பயனில்லை, குப்பைத்தொட்டிக்கு ஓரடி முன்னாலேயே வாந்தி எடுத்துவிட்டாள். காவலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்து, ஈரத் தரைக்கான மஞ்சள் பலகையைப் பக்கத்தில் நிறுத்தினார்.

“என் வீட்டுக்காரிக்கும் இதே பாடுதான். நாலு தடவை பாத்தவன் நான்,” என்றார்.

வரிசையில் இருந்த ஒருத்தி உரக்கச் சொன்னாள்: “வீடு வேணும்னா வயித்த நிரப்பிக்கிட்டு வந்துடறாளுங்க. நாம வருஷக்கணக்கா நிக்கிறோம்.”

ஆக, அவள் கர்ப்பமாக இருக்கிறாள் என்பதில் அந்தக் கூடத்தில் யாருக்கும் சந்தேகமில்லை. கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி பிக்கரிங் ஒருவரைத் தவிர.

வீட்டில் கர்ப்பம் சோதித்துப் பார்த்த குச்சியைச் சிறு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்து வந்திருந்தாள். அவர் அதைத் தொடவில்லை.

“இது உங்களோடதுதான்னு எனக்கு எப்படித் தெரியும்?” கோபமில்லாமல்தான் கேட்டார். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது.

“டாக்டர்கிட்ட போனேங்க. அவங்க இப்ப டெஸ்ட் எடுக்கிறதில்லையாம். நான் சொன்னதைக் கேட்டுட்டு, ‘சந்தோஷம், உடம்பப் பாத்துக்கோங்க’ன்னு அனுப்பிட்டாரு. என் பேச்சே அவருக்குப் போதுமாம்.”

“எங்களுக்குப் போதாதே. கடிதம் கேக்கலாமே?”

“கேட்டேன். வாரக்கணக்காகும்னாங்க.”

“மருத்துவச்சி?”

“அடுத்த மாசம்தான் பாப்பாங்களாம்.”

பிக்கரிங் பெருமூச்சு விட்டார். “கர்ப்பம்னு உறுதியானா இன்னைக்கே உங்களுக்கு ஒரு ரூம் தர்றது எங்க கடமை. இல்லேன்னா தனி ஆள் கணக்குல வந்துடுவீங்க. தனி ஆளுக்கு என்கிட்ட இருக்கிறது இவ்வளவுதான்.” தொலைபேசி எண்கள் அச்சிட்ட தாளொன்றைக் கண்ணாடிக்கு அடியில் தள்ளினார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “நான் சொன்னதா இருக்க வேண்டாம். ரத்தம் ஏதாவது பட்டிருந்தா ஆஸ்பத்திரில உடனே ஸ்கேன் பண்ணுவாங்க. அந்தப் பேப்பர் இருந்தா…”

அவருக்கும் தெரிந்திருந்தது. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஜெம்மா மூலையில் போய் நின்று ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினாள். அன்பான குரலொன்று கேட்டது: “ரத்தம் படுதாம்மா?”

இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே கேள்விதான். அன்று அவள் “ஆமா” என்றது பொய்யில்லை. அன்று சாயங்காலமே அவளைப் படுக்க வைத்துப் பார்த்தார்கள். ஸ்கேன் திரையை அவள் பக்கமிருந்து மெதுவாகத் திருப்பி வைத்தார்கள். வீட்டுக்குப் போகும்போது கையில் காகிதங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் அவள் பெயர், முத்திரை, கையெழுத்து. குழந்தை உயிரோடு இருந்தவரை ஒரு துண்டுக் காகிதம்கூடத் தராதவர்கள் அது போன பிறகுதான் தந்தார்கள்.

“அம்மா? லைன்ல இருக்கீங்களா?”

நாக்கு நுனியில் அந்தச் சொல் நின்றது. சொன்னால் அறை கிடைக்கும். சொன்னால் அது கேட்டுவிடும் என்று தோன்றியது, வயிற்றுக்குள் இருக்கும் குழந்தைக்கு.  அந்தப் பக்கத்திலிருந்தவள் பொறுமையாகக் காத்திருந்தாள்.

“இல்ல. படல.”

“நல்லதும்மா. வலி கிலி ஏதாவது?”

“இல்ல.”

“அப்ப பயப்பட ஒண்ணுமில்லம்மா. எல்லாம் நல்லா இருந்தா நாங்க பாக்கிறதில்ல.”

தொலைபேசியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜெம்மா திரும்பினாள். சுவரோரம் கிடந்த நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து, பிக்கரிங்கின் கண்ணாடிக்கு நேர் எதிரே போட்டு உட்கார்ந்தாள். பையைக் காலடியில் வைத்தாள். டோனாவின் பிஸ்கட் ஒன்றை எடுத்து மெல்லத் தொடங்கினாள்.

கூட்டம் கரைந்தது. ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகள் எரிந்தன. காவலாளி சாவிக்கொத்தோடு வந்து சங்கடத்துடன் நின்றார். “கதவச் சாத்தணும், கண்ணு.”

“சாத்துங்க.”

பிக்கரிங் எழுந்து கண்ணாடி அருகே குனிந்தார். “இங்க உக்காந்து என்னம்மா ஆகப்போகுது? ஆதாரம் கிடைச்சதும் வாங்க.”

“ஆதாரம் இங்கதான் இருக்கு,” என்றாள் ஜெம்மா. கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். “நீங்க பாத்துக்கிட்டே இருங்க. வளரும்.”

பழைய கம்பளிச் சட்டைக்குள் அவள் வயிறு தட்டையாகத்தான் இருந்தது. பிக்கரிங் அதை ஒருமுறை பார்த்தார். பிறகு பார்க்க முடியாமல், முன்னால் கிடந்த காகிதங்களை அடுக்கத் தொடங்கினார்.