வௌவால் எரு

சவிரிமுத்து இருமத் தொடங்கி மூன்று மாதம். அது கசம், தொத்துகிற காசநோய், என்று ஊர் வாயில் விழுந்தால் மகள் றோசின் கலியாணம் அதோடு சரி. ஆகையால் அன்னமுத்து புருஷனை வளவின் பின்பக்க எரு அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினாள். ஆள் யாழ்ப்பாணத்தில் தமையன் வீட்டில் நிற்கிறார் என்று வாய் கூசாமல் சொல்லித் திரிந்தாள். நெடுந்தீவில் ஓர் ஆளை ஒளிப்பது லேசுப்பட்ட காரியமா? இருமல் கேட்கும்போதெல்லாம் குசினியில் சட்டிபானையைப் போட்டு உருட்டினாள்.

நேற்று அவன் இரத்தமாகத் துப்பினான். விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். வெளியே வாங்குப் பலகையில் இருந்தவள் வேறு யாருமில்லை, மாப்பிள்ளையின் தாய் அருளம்மா. டொக்டரின் அறைக்கு ஒரு சீலைதான் மறைப்பு.

"போன கிழமை நீங்கள் போத்தலிலை கொண்டுவந்த சளியை மூண்டு தரம் பாத்தாச்சு. கசக்கிருமி இல்லை" என்றார் டொக்டர். "இந்த இருமல் வருத்தத்துக்கு முதல் என்ன வேலை செய்தவர்?"

"யூரியா கிடைக்கேல்லை. பூட்டிக்கிடந்த கல்வீட்டிலை வௌவால் எச்சம் கூட்டி அள்ளினவர். புகையிலைக்குப் போட. ரெண்டு நாள்தான்."

டொக்டர் பேனையை வைத்தார். "அதிலை பூஞ்சணம் வளரும். தூசியோடை நெஞ்சுக்குள்ளை போனால் கசம் மாதிரியே வருத்தும். ஆளுக்கு ஆள் தொத்தாது. ஆனா ரெண்டு நாளிலை இவ்வளவு முத்தாதே. இப்ப எங்கை படுக்கிறவர்?"

சீலைக்கு அப்பால் அருளம்மா செருமினாள். சொன்னால் பொய் வெளிச்சத்துக்கு வரும், சம்பந்தம் முறியும். சொல்லாவிட்டால் அவன் செத்துப்போவான்.

"எரு அறையிலை. அந்த எச்ச மூட்டையளும் அங்கைதான் கிடக்கு" என்றாள், குரலைத் தாழ்த்தாமல். "மூண்டு மாசமாய். நான்தான் விட்டனான்."

"உடனை வெளியிலை எடுங்கோ. பின்னேர வள்ளத்திலை யாழ்ப்பாணம் கொண்டுபோகவேணும். இனியும் சுணங்கினால் தப்பாது."

அருளம்மா எழும்பி நின்றாள். அன்னமுத்து அவளை ஏறெடுத்தும் பாராமல் வெளியே ஓடினாள்.

கதவைத் திறந்தபோது சவிரிமுத்து பாயில் சுருண்டு கிடந்தான். அவள் உள்ளே காலெடுத்து வைக்கவும், கையை நீட்டித் தடுத்தான்.

"கிட்ட வராதை அன்னம். உனக்கும் தொத்திப்போடும்."

மூன்று மாதமாக அவள் சோறு கொண்டுவரும்போதெல்லாம் செய்ததைப் போலவே, அவளில் மூச்சுப் படக்கூடாதென்று, மூட்டைகள் அடுக்கியிருந்த பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டான்.